பள்ளிக்கு ஒத்துவராத பிள்ளை: வழக்கமான பள்ளியா, மாற்றுப் பள்ளியா?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தையைப் பள்ளி மாற்றும் எண்ணம் பெரும்பாலும் பெற்றோரிடம் தானாக எழுவதில்லை. டைரியில் எழுதி அனுப்பப்படும் புகார்களாகத் தொடங்கி, வகுப்பாசிரியரின் தொலைபேசி அழைப்புகளாக வளர்ந்து, கடைசியில் முதல்வர் அறையில் நடக்கும் ஒரு பேச்சாக அது வந்து நிற்கிறது. இடத்தில் உட்காருவதில்லை, பலகையில் இருப்பதை எழுதுவதில்லை, பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறான், கேட்டால் பதில் சொல்வதில்லை என்று அடுக்கிய பிறகு, "இவனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகல, டி.சி. வாங்கிக்குங்க" என்பார்கள். வீடு திரும்பும் பெற்றோருக்கு அன்று இரவுக்குள் இரண்டு விதமான அறிவுரைகள் கிடைத்துவிடும். கண்டிப்பான பள்ளியில் சேர்த்தால் அடங்கிவிடுவான் என்பார்கள் உறவினர்கள். பரீட்சையும் பிரம்பும் இல்லாத மாற்றுப் பள்ளியில் விட்டால் தானாகத் தேறிவிடுவான் என்பார்கள் நண்பர்கள். இரு தரப்பும் பள்ளியின் வகையைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, அந்தக் குழந்தையால் எது முடியவில்லை, எந்த வேளையில் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று கேட்பதில்லை. இந்தக் கேள்விக்கு ஓரளவாவது விடை தெரியாமல் செய்யப்படும் பள்ளி மாற்றம், ஓரிரு ஆண்டுகளில் இன்னொரு பள்ளி மாற்றத்தில்தான் போய் முடிகிறது.

யோசிப்பதற்கு அவகாசம் உண்டு என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 5, 8-ஆம் வகுப்புகளில் மாணவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளித்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தத் தடையைத் தொடவில்லை. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரையிலான கட்டாயத் தேர்ச்சியையும் கைவிடவில்லை. உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அத்தகைய பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. மற்றப் பள்ளிகளில், பெற்றோர் தாமாகக் கையெழுத்திட்டு டி.சி. கேட்டதாகத்தான் பதிவேட்டில் ஏறும். ஆகவே அந்தக் கடிதத்தை அன்றே எழுதிக் கொடுக்காமல் இருப்பது ஒரு வழி. சட்டத்தைக் காட்டி, விரும்பாத பள்ளியில் குழந்தையை நெடுங்காலம் வைத்திருப்பது நடைமுறையில் யாருக்கும் நன்மை தராது என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு பருவம் கூடுதலாகக் கிடைத்தாலே, செய்ய வேண்டிய பரிசோதனைகளைச் செய்துவிடலாம்.

அந்தப் பரிசோதனைகளில் மிக எளியவையே அதிகம் தவறவிடப்படுகின்றன. பலகை தெரியாத குழந்தை எழுதாது. அடிக்கடி காதில் சீழ் கட்டும் குழந்தை பாதிச் சொற்களையே கேட்கும். சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் வலிப்பு வகை ஒன்று உண்டு, அதை வகுப்பில் பகற்கனவு என்றே எடுத்துக்கொள்வார்கள். தூக்கக் குறைவும் இரத்தசோகையும் எரிச்சலாகவும் கவனமின்மையாகவும் வெளிப்படும். கண், காது, இரத்தப் பரிசோதனைகளுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையே போதும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மாவட்ட இடையீட்டு மையங்களில் வளர்ச்சி சார்ந்த மதிப்பீடும் கிடைக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இன்னும் விரிவான மதிப்பீட்டைச் செய்கிறது. தனியார் மதிப்பீட்டுக்குப் பெருந்தொகை செலவழித்த பிறகே இவற்றைப் பற்றிப் பல குடும்பங்கள் கேள்விப்படுகின்றன.

அடுத்து, சிக்கல் எங்கெல்லாம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கவனக்குறை மிகையியக்கக் குறைபாடு, அதாவது இன்று பரவலாக ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படுவது, இருப்பதாக முடிவு செய்ய வேண்டுமானால் அதன் அறிகுறிகள் ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தெரிய வேண்டும், அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்பது மருத்துவ வரையறை. வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் தாத்தா வீட்டிலும் எந்தச் சிக்கலும் இல்லாமல், வகுப்பறையில் மட்டும் ஒரு பிள்ளை கட்டுக்கடங்காமல் போகிறான் என்றால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் அந்த வகுப்பறையைப் பார்ப்பதே பொருத்தம். வயதும் கணக்கில் வர வேண்டும். ஒரே வகுப்பில் வயதில் மிக இளைய பிள்ளைகளுக்கே இக்குறைபாடு அதிகமாகக் கண்டறியப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று வயதில் எல்.கே.ஜி., ஐந்தில் முதல் வகுப்பு என்று ஓடும் நம் ஊரில், ஏறக்குறைய ஓராண்டு மூத்த பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் துறுதுறுப்பு சில வேளைகளில் வயதின் வேறுபாடாகவே இருக்கும். இன்னொன்று பயிற்றுமொழி. வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் இல்லாத குழந்தை, நாள் முழுவதும் புரியாத மொழியில் உட்கார வைக்கப்படும்போது, ஒன்று வாயை மூடிக்கொள்ளும் அல்லது எழுந்து ஓடும். இந்த இரண்டு குழந்தைகளுக்கும் தேவைப்படுவது மாற்றுப் பள்ளி ஆகாது. ஒன்றுக்கு ஒரு வகுப்பு கீழே, இன்னொன்றுக்குத் தமிழ்வழி.

இவற்றையெல்லாம் தாண்டியும் சிக்கல் நிற்கிறது என்றால்தான் பள்ளியின் வகையைப் பற்றிய கேள்வி உண்மையில் தொடங்குகிறது. அப்போது "மாற்றுப் பள்ளி" என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்தப் பெயருக்குள் ஒன்றோடொன்று முரண்படும் பல கொள்கைகள் இருக்கின்றன. அவற்றில் சில, மற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளிடமிருந்தே பிறந்தவை. இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி ரோம் நகரில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு முதலில் பணியாற்றினார். அங்கே பயன்பட்ட கருவிகளைத்தான் 1907-இல் அதே நகரின் ஏழைக் குடியிருப்பில் திறந்த தம் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் நடத்திய பயிற்சிகளால் இம்முறை தமிழ்நாட்டில் வேரூன்றியது. இங்கிலாந்தில் ஏ.எஸ். நீல் நடத்திய சம்மர்ஹில் பள்ளியிலும் தொடக்க ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளுக்கு அடங்காத பிள்ளைகளே பெருமளவில் இருந்தார்கள். ஆனால் இந்த இரண்டும் ஒன்றல்ல. சம்மர்ஹில்லில் வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். மாண்டிசோரி வகுப்பிலோ பிள்ளை தன் வேலையைத் தேர்ந்தெடுக்கலாம், நடமாடலாம், தரையில் அமரலாம். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம், ஒரு செய்முறை, திரும்ப வைக்கும் ஒழுங்கு என்று அந்த அறை மிகவும் கட்டுக்கோப்பானது. 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டார்ஃப் மரபு, எழுத்தறிவை ஏழு வயதை ஒட்டித் தள்ளிவைத்துக் கதைக்கும் கைவேலைக்கும் இடம் கொடுக்கிறது. தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் நடக்கும் பள்ளிகள் பரிசும் தண்டனையும் ஒப்பீடும் வேண்டாம் என்கின்றன.

தமிழ்நாட்டில் இவை எல்லாவற்றின் சாயலிலும் பள்ளிகள் உள்ளன. சென்னையில் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் பள்ளி, திருவண்ணாமலைக்கு அருகே மருதம் பண்ணைப் பள்ளி, தருமபுரி மாவட்டத்தில் புவிதம், ஆரோவில்லைச் சுற்றியுள்ள பள்ளிகள், சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் நாடோடிச் சமூகக் குழந்தைகளுக்காக உருவான வானவில் என்று ஒவ்வொன்றும் வேறு நோக்கத்தில், வேறு குழந்தைகளுக்காகத் தோன்றியது. இவற்றுக்குப் பொதுவாக இருப்பவை சிறிய அளவு, ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையிலான நெருக்கம், திறந்தவெளி, கைவேலை, தேர்வு அச்சமின்மை ஆகியவை. பொதுவாக இல்லாதது, சிக்கலான குழந்தையைக் கையாளும் தனிப்பயிற்சி. அன்பும் பொறுமையும் உள்ள ஆசிரியர்கள் இருப்பார்கள். சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்றவர் ஒருவராவது இருப்பார் என்று சொல்ல முடியாது. சிறிய பள்ளியில், இருக்கும் ஒன்றிரண்டு ஆசிரியர்களில் ஒருவர் விலகினால் அந்தக் குழந்தைக்குப் பள்ளியே பாதி போய்விடுகிறது. (மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தப் பெயரில், வரிசையாகப் பெஞ்சு போட்டு நான்கு வயதுக் குழந்தைக்கு ஏ.பி.சி.டி. எழுதும் வீட்டுப்பாடம் கொடுக்கும் இடங்கள் தெருவுக்குத் தெரு உண்டு.)

இப்போது குழந்தையின் சிக்கலையும் பள்ளியின் தன்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விடைகள் எதிர்பார்த்த திசையில் வருவதில்லை. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, உள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பள்ளியில் அவன் மக்கு என்றோ சோம்பேறி என்றோ பெயர் வாங்குவான். சத்தமாக வாசிக்கச் சொல்லும் நேரத்தில் சேட்டை செய்து வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்படுவதை விரும்பியே தேடிக்கொள்வான். இத்தகைய பிள்ளை மாற்றுப் பள்ளிக்குப் போனதும், அவமானம் நின்றுவிடுவதால், சில மாதங்களில் முகம் மாறிவிடும். பெற்றோர் நிம்மதி அடைவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்கும், தயாரானதும் தானே வாசிக்கத் தொடங்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலான குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு அது தீங்கு செய்யும். ஒலியையும் எழுத்தையும் இணைப்பது அவனுக்குத் தானாக வராது. ஒழுங்கான வரிசையில், நேரடியாக, திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தால்தான் வரும். எட்டு வயதில் தொடங்கியிருக்க வேண்டிய பயிற்சி, காத்திருக்கலாம் என்ற கொள்கையால் பன்னிரண்டு வயதுக்குத் தள்ளிப்போனால், மகிழ்ச்சியான, வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை பதின்பருவத்துக்குள் நுழைவான். அந்த மகிழ்ச்சியும் அதற்கு மேல் நீடிப்பதில்லை. தமிழ் எழுத்துமுறை ஆங்கிலத்தை விட ஒலிக்கு நெருக்கமானது என்பதால், தமிழில் தட்டுத்தடுமாறி வாசிக்கும் குழந்தையின் சிக்கல் ஆங்கிலத்தில்தான் முழுதாக வெளிப்படும். ஆங்கிலம் தாமதமாகத் தொடங்கும் பள்ளிகளில் அது இன்னும் பிந்தியே கண்ணில் படும்.

கவனக்குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இதே இரட்டைநிலை உண்டு. நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார வேண்டாம் என்பதே அவனுக்குப் பெரிய விடுதலை. மரம் ஏறவும் மண் வெட்டவும் இடம் உள்ள பள்ளியில் அவன் மேலான புகார்களில் பாதி காணாமல் போகும். ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்து, தொடங்கியதைத் தானே முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சூழலில், அவனிடம் எது குறைவோ அதையே பள்ளி கேட்கிறது. சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட வேலை, உடனடியான பாராட்டு, தினமும் மாறாத வரிசை ஆகியவை அவனுக்குத் தேவை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இந்த மாறாத வரிசை இன்னும் முக்கியம்; இன்று களப்பயணம், நாளை நாடகம் என்று திடீர் மாற்றங்களால் நிறைந்த உற்சாகமான பள்ளி அக்குழந்தைக்குப் பெரும் அலைக்கழிப்பாக முடியலாம், எழுபது பிள்ளைகள் ஒரே சமயத்தில் கத்தும் வகுப்பறையும் அப்படியே. ஆட்டிசத்தில் பார்க்க வேண்டியது சத்தமும் ஒழுங்கும்தான்.

மாற்றுப் பள்ளி உறுதியாகப் பயன் தரும் குழந்தைகள் யார் என்று கேட்டால், என் கணிப்பில், பள்ளியால் காயப்பட்டவர்கள். கற்பதில் அடிப்படைக் குறைபாடு எதுவும் இல்லாமல், ஓயாத ஒப்பீட்டாலும் அடியாலும் கேலியாலும் எதிர்ப்பையே பழக்கமாக்கிக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். வீட்டில் ஒரு மரணமோ பிரிவோ நேர்ந்த பிறகு மாறிப்போன பிள்ளைகளும், அதிகமாகக் கேள்வி கேட்பதாலேயே அடங்காதவர் என்று பெயர் எடுத்தவர்களும் இதில் சேர்வார்கள். இவர்களுக்கு ஒரு பெரியவரின் நிலையான கவனமும், தோற்றாலும் மதிப்பு குறையாத ஓர் இடமும் கிடைத்தால் போதும். அதைச் சிறிய பள்ளிகள் நன்றாகவே செய்கின்றன.

அந்தச் சிறிய பள்ளி, கட்டணம் வாங்கும் மாற்றுப் பள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நடுத்தரக் குடும்பங்கள் இந்த விவாதத்தில் அரசுத் தொடக்கப் பள்ளியை ஒரு வாய்ப்பாகவே எண்ணுவதில்லை, அது பெரும் இழப்பு. இருபது, முப்பது பிள்ளைகளோடு இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன. வெவ்வேறு வயதினர் ஒரே அறையில், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியரோடு, தரையில் அமர்ந்து படிக்கும் காட்சியைப் பெருநகரப் பெற்றோர் லட்சக்கணக்கில் கொடுத்துத் தேடுகிறார்கள். முறைகளிலும் சுவர் அவ்வளவு உயரமில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி தன்னைச் சுற்றியுள்ள கிராமக் குழந்தைகளுக்காக உருவாக்கிய அட்டைவழிக் கற்றலைப் பார்த்துத்தான், 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தையின் கற்றல் நிலையைப் பொறுத்துக் குழுக்களாகப் பிரித்தே கற்பிக்கச் சொல்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையங்கள் வழியாக அரசுப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள் என்பதால் அவர்களின் நேரம் மிகவும் குறைவு. எல்லா அரசுப் பள்ளிகளும் நல்லவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தலைமையாசிரியரைப் போய்ப் பார்க்காமலேயே ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான் சொல்ல வருவது.

மூன்றாவது வழியாகப் பலர் நாடுவது விடுதி. "ஹாஸ்டல்ல போட்டாத்தான் சரிப்படுவான்" என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை படிப்பு என்று விளம்பரம் செய்யும் பள்ளிகள் அந்த நம்பிக்கையால் வாழ்கின்றன. உண்மையான ஒழுங்கு தேவைப்படும் பிள்ளைகள் சிலர் விடுதியில் தேறுவதும் உண்டு. ஆனால் காரணம் கண்டறியப்படாத சிக்கலோடு ஒரு பதினொரு வயதுப் பிள்ளையை அங்கே அனுப்பினால், அவனுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆட்களான பெற்றோரையும் அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோம். வாசிக்க முடியாத பிள்ளைக்குப் படிப்பு நேரத்தை இரட்டிப்பாக்குவது அவன் தோல்வியை இரட்டிப்பாக்குவதே. அடங்கிவிட்டான் என்று விடுமுறையில் உறவினர்கள் பாராட்டும் பிள்ளை, பல வேளைகளில் நம்பிக்கை இழந்து மௌனமானவன்.

சான்றிதழைப் பற்றிய கணக்கை மாற்றுக் கல்வி ஆதரவாளர்கள் சற்று அலட்சியமாகக் கடந்துபோகிறார்கள். அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பள்ளிகள் ஏதேனும் ஒரு கல்வி வாரியத்தின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு அனுப்புகின்றன. கற்றல் மையங்களாக மட்டும் இயங்குபவை தேசியத் திறந்தநிலைப் பள்ளியையே பெரும்பாலும் நம்பியிருக்கின்றன. 1989-இல் மத்திய அரசு தொடங்கிய இந்நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதியலாம். ஐந்து பாடங்களைத் தாமே தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளுக்குள், ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம். கணிதம் கட்டாயமில்லை. ஒரே வாரத்தில் எல்லாப் பாடங்களையும் எழுத முடியாத பிள்ளைக்கு இது உண்மையான வரம். கணிதத்தை விட்டவருக்குப் பின்னால் அறிவியல், பொறியியல் சார்ந்த படிப்புகள் பெரும்பாலும் கிட்டாது என்பதைச் சேரும்போதே பேசிவிட வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்துக்கே திரும்ப நினைப்பவர்களுக்குத் தனித்தேர்வர் வழியும் இருக்கிறது. 12½ வயது நிறைந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதைவிட நுட்பமான ஒரு கணக்கும் உண்டு. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்பதையே பார்க்கின்றன. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு, 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு ஆண்டுகள் வேறு பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் பிள்ளை, பத்து ஆண்டுகள் கழித்து இதன் விலையைக் கொடுக்க நேரலாம். குழந்தை நாள்தோறும் உடைந்துகொண்டிருந்தால் இதற்காகத் தயங்கக் கூடாது. ஆனால் முடிவெடுக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். வசதியான குடும்பங்களுக்கு இந்த வரிகள் பொருட்டாக இருக்காது. மாற்றுக் கல்வியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வருவதால்தான் இது பேசப்படாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

வழக்கமான பள்ளியிலேயே தொடர்வது என்று முடிவானால், சலுகைகளைக் கேட்டு வாங்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அடங்கும், ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை என்பதால், கற்றல் குறைபாடும் சேர்ந்து இல்லாத பிள்ளைக்குச் சான்று பெறுவது கடினம். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே தரப்படுகிறது. அது இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்றவற்றைக் கோரலாம். இவற்றைப் பத்தாம் வகுப்பில் கேட்பதைவிட எட்டாம் வகுப்பிலேயே பள்ளியின் பதிவில் ஏற்றிவிடுவது நல்லது, ஏனெனில் ஒன்பதாம் வகுப்பில் வெளியேற்றத் தடை பொருந்தாது. நூறு விழுக்காடு தேர்ச்சிக்காக, தேறமாட்டார் என்று தோன்றும் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுதான் டி.சி. கொடுக்கப்படுகிறது.

இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் நடுவே, அதிகம் அறியப்படாத ஓர் ஏற்பாடும் உள்ளது. 1991-இல் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய சென்னை டிஸ்லெக்சியா சங்கம், அனன்யா என்ற முழுநேரக் கற்றல் மையத்தை நடத்துகிறது. வழக்கமான பள்ளியில் தடுமாறும் குழந்தை அங்கே ஓரிரு ஆண்டுகள் தீவிரப் பயிற்சி பெற்று, மீண்டும் வழக்கமான பள்ளிக்கே திரும்புகிறது. திரும்புவதையே குறிக்கோளாகக் கொண்டு, திரும்பும் நாளுக்காக முதல் நாளிலிருந்தே தயாரிக்கும் இந்த முறை, மற்ற ஊர்களில் பரவாமல் இருப்பது வருந்தத்தக்கது. பெரிய பள்ளிகள் சிலவற்றில், தடுமாறும் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி தரும் தனி வள அறை உண்டு. சிலவற்றில் வகுப்பில் குழந்தையின் கூடவே இருந்து உதவும் நிழல் ஆசிரியரைப் பெற்றோர் செலவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அது பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது.

பார்க்கப் போகும் பள்ளியில் கொள்கை விளக்கத்தைக் கேட்பதைவிட, ஒரு வேலை நாளின் நடுப்பகலில் வகுப்பின் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேட்பது நல்லது. ஒரு பிள்ளை மற்றொருவனைத் தள்ளிவிட்டால் ஆசிரியர் என்ன செய்கிறார், வாசிக்கத் திணறுபவனுக்கு யார் உதவுகிறார்கள், அவனுக்குத் தனியாக என்ன கற்றுத்தரப்படுகிறது என்று கேட்டால், மாற்றுப் பள்ளியானாலும் மெட்ரிகுலேஷன் பள்ளியானாலும் விடையிலேயே பாதி தெரிந்துவிடும். "எங்ககிட்ட வந்தா எல்லாக் குழந்தையும் சரியாயிடும்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. தன்னால் எந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதையும் ஒரு நல்ல பள்ளியால் சொல்ல முடியும். சென்ற இரண்டு ஆண்டுகளில் இங்கிருந்து விலகிய பிள்ளைகள் ஏன் விலகினார்கள் என்ற கேள்விக்கும் அது முகம் சுளிக்காது.

மாற்றிய பிறகு முதல் பருவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். புதிய இடத்தின் உற்சாகத்தில் ஒரு பிள்ளை திடீரென்று நல்லவனாகத் தெரிவான்; இன்னொருவன் பழைய பள்ளியில் அடக்கிவைத்த கோபத்தையெல்லாம் இங்கே கொட்டுவான். இரண்டாம் பருவத்தின் முடிவில், தூக்கம், பசி, காலையில் கிளம்பும் நேரத்தின் தகராறு, நண்பன் என்று பெயர் சொல்லும் ஒரு பிள்ளையாவது இருக்கிறானா என்பது, முன்பு வாசிக்க முடியாத ஒரு பத்தியை இப்போது வாசிக்க முடிகிறதா என்பது ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் நான்கும் மேம்பட்டு ஐந்தாவது அப்படியே நின்றால், பள்ளியை மாற்றாமல், வெளியே ஒரு சிறப்புப் பயிற்றுநரை வாரத்தில் சில மணி நேரத்துக்காவது ஏற்பாடு செய்வது சரி. ஐந்தாவது மட்டும் மேம்பட்டு மற்றவை மோசமானால், மதிப்பெண் பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பள்ளி அந்தக் குழந்தைக்கு ஒத்துவரவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதைக் கடந்த பிள்ளையிடம் இதைப் பெற்றோர் ஊகிக்கத் தேவையே இல்லை. இரண்டு பள்ளிகளிலும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல் என்றால், அவனே காரணத்தோடு சொல்லிவிடுவான்.